மணற்கல் என்று நான் எழுதிய சாம்பல்

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். சிங்கப்பூரின் மேற்குப் பக்கம், ஜூரோங் வட்டாரத்தில் ஒரு கட்டடத் திட்டத்துக்காக மண் ஆய்வுத் துளை போட்டுக்கொண்டிருந்தோம். துளையிடும் எந்திரமான ரிக்கை ஓட்டியவர் நாகப்பட்டினத்துக்காரர். ஐம்பதை நெருங்கியவர், தளத்தில் எல்லோருக்கும் அண்ணன். துளையிலிருந்து உருளையாக வரும் பாறைத் துண்டுக்குக் கோர் என்று பெயர். அந்தத் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிப் பார்த்து, இது என்ன பாறை, எவ்வளவு சிதைந்திருக்கிறது, எத்தனை விரிசல் என்று எழுதுவது என் வேலை. 38.6 மீட்டரிலிருந்து 41.2 மீட்டர் வரை வந்த பாறைக்கு நான் எழுதியது இது: மணற்கல், நடுத்தரப் பரல், பச்சை கலந்த சாம்பல் நிறம், உறுதியானது.

அண்ணன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "சார், இது மணல்கல்லு மாதிரி கடிக்கல" என்றார். அவருக்குப் பாறையின் பெயர்கள் தெரியாது. ஆனால் பிட், அதாவது துளைக்கும் முனை, எந்தக் கல்லில் எப்படி ஓடும், எவ்வளவு அழுத்தம் கேட்கும், திரும்பி வரும் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். மணற்கல்லில் பிட் நறநறவென்று ஓடும், வாளியின் அடியில் மணல் தங்கும். இங்கே அப்படி எதுவும் தங்கவில்லை. தண்ணீர் பச்சரிசி கழுவிய கழுநீர் போல வந்துகொண்டிருந்தது. மாலை ஆகிவிட்டது, மழை வேறு வருகிற மாதிரி இருந்தது. நான் எழுதியதை மாற்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பதிவுகளைச் சரிபார்க்கும் மூத்த புவியியலாளர் அந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினார். பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: "படுகை வரி எங்கே?"

நியாயமான கேள்விதான். மணற்கல் என்றால் அடுக்கு இருக்க வேண்டும். ஆறோ கடலோ தவணை தவணையாகக் கொண்டுவந்து போட்ட மணல் அது, கோடு கோடாகத் தெரியும். பெட்டியை மறுபடி திறந்து, கோர்த் துண்டுகளை நனைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை வைத்துப் பார்த்தேன். இரண்டரை மீட்டர் நீளத்தில் ஒரு அடுக்குக் கோடும் இல்லை. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் வெள்ளைத் துண்டுகள் உடைத்த கற்கண்டு மாதிரி முனை மழுங்காமல் கிடந்தன. தண்ணீரில் நெடுந்தூரம் உருண்டு வந்த பரலுக்கு அந்த முனை மிஞ்சாது. இடையிடையே கரும்பச்சையில், புளியங்கொட்டையை நசுக்கித் தட்டையாக்கியது போன்ற துணுக்குகள், பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருந்தன. அவை நுரைக்கல் துண்டுகள், அதாவது எரிமலைக் குழம்பின் நுரை இறுகிய கல். சூடாக இருக்கும்போதோ, பின்னர் மேலே குவிந்த பாரத்தாலோ நசுங்கியவை.

சிறு துண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தபோது சந்தேகம் போயே போய்விட்டது. குவார்ட்ஸ் படிகங்களின் ஓரம் கரையான் அரித்த கதவுச் சட்டம் போல உள்ளே குடைந்திருந்தது. பாறைக்குழம்பில் மிதந்தபடி பாதி கரைந்த படிகத்தின் அடையாளம் அது. அவற்றைச் சுற்றி உண்டிவில் கவட்டை வடிவத்தில் நுண்ணிய சில்லுகள். குழம்பு பொங்கும்போது குமிழிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் சுவர் மூன்று கிளையாகப் பிரியும். அது வெடித்துச் சிதறினால் இந்தக் கவட்டைகள்தான் மிஞ்சும். ஒரு காலத்தில் அவை கண்ணாடி. இப்போது நுண்படிகமாகவும் பச்சைக் களிமமாகவும் மாறிவிட்டன. பாறையின் பச்சை நிறம் அங்கிருந்து வந்தது.

ஆக அது டஃப், அதாவது எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. எரிமலையே இல்லாத ஊரில், அடுக்குமாடிகளுக்கு அடியில்.

ஏற்கெனவே தெரிந்தது என்ன?

இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் முதல் முழுமையான புவியியல் தொகுப்பைப் பொதுப்பணித் துறை 1976-இல் வெளியிட்டது. நடுவே புக்கிட் தீமா கருங்கல், அதையொட்டிக் கோம்பாக்கின் கரும்பாறை, மேற்கிலும் தென்மேற்கிலும் ஜூரோங் படிவுகள், கிழக்கே பழைய வண்டல் என்று அது நாட்டைப் பிரித்தது. ஜூரோங் படிவுகளுக்கிடையே எரிமலைச் சாம்பல் உண்டு என்பதும் அப்போதே தெரியும். கட்டட, கட்டுமான ஆணையம் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட துளைகளின் கோர்களை ஆராய்ந்து, 2021-இல் புதிய பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் ஜூரோங் படிவுகள் பல அமைப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சாம்பல் அதிகம் கலந்த ஒன்றின் பெயர் புலாவ் ஆயர் சாவான். அந்தப் பெயருள்ள தீவைத் தேடிப் போனால் கிடைக்காது. கடலைத் தூர்த்து ஜூரோங் தீவை உண்டாக்கியபோது அதனோடு ஒட்டிப்போன தீவுகளில் அதுவும் ஒன்று.

நான் செய்த பிழையைத் துளை போடுகிறவர்கள் பலர் செய்திருப்பார்கள். பழைய பதிவுகளில் 'பச்சை மணற்கல்' என்று கண்டாலே எனக்கு இப்போது கை அரிக்கிறது.

குல்ஃபி வண்டியும் கடலடித் தட்டும்

சாம்பல் இருந்தால் எரிமலை இருந்திருக்க வேண்டும். எரிமலை இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும்.

இன்றைய தென்கிழக்காசியா ஒரே துண்டாக உருவானதில்லை. பெர்மியன் காலத்தில், ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன், தெற்கே இருந்த கோண்டுவானா பெருங்கண்டத்தின் விளிம்பிலிருந்து நீண்ட நிலத்துண்டு ஒன்று பிய்ந்து வடக்கே நகரத் தொடங்கியது. அதன் பெயர் சிபுமாசு. சியாம், பர்மா, மலாயா, சுமத்ரா ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து 1980-களில் வைத்த பெயர். நம் ஊரில் அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி சேர்த்துப் பிள்ளைக்குப் பெயர் வைப்பதைப் போலத்தான். இந்தத் துண்டு பனி மூடிய பகுதியிலிருந்து வந்தது என்பதற்கு லங்காவியில் சாட்சி இருக்கிறது. மிதக்கும் பனிப்பாறை உருகும்போது கடலடிச் சேற்றில் விழுந்த கற்கள் அங்கே இன்றும் சேற்றுப்பாறைக்குள் பதிந்து கிடக்கின்றன.

சிபுமாசுவுக்கு வடக்கிலும் கிழக்கிலும் ஒரு பெருங்கடல் இருந்தது. புவியியலாளர்கள் அதைத் தொல்தெத்திஸ் என்கிறார்கள். அதன் மறுகரையில் இந்தோசீனாவும், அதன் விளிம்பாகக் கிழக்கு மலாயாவும். சிங்கப்பூர் அந்த விளிம்பைச் சேர்ந்தது. இந்தக் கடலின் அடித்தட்டுதான் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிழக்கு நோக்கி, அந்தக் கண்ட விளிம்பின் அடியில் செருகிக்கொண்டு இறங்கியது. பாடநூல்கள் இதைக் கீழமிழ்தல் என்கின்றன.

தட்டு இறங்கினால் ஏன் எரிமலை? உராய்வுச் சூட்டில் பாறை உருகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், பள்ளியில் நானும் அப்படித்தான் படித்தேன். உண்மையில் இறங்கும் தட்டு குளிர்ந்த தட்டு. வேலையைச் செய்வது தண்ணீர். கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த தட்டின் கனிமங்களுக்குள்ளேயே நீர் கட்டுண்டு இருக்கும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழம் போனதும் அழுத்தமும் சூடும் அந்த நீரைப் பிழிந்து எடுக்கின்றன. அது மேலே உள்ள மூடகத்துக்குள், அதாவது மேலோட்டுக்கு அடியில் இருக்கும் பாறைக்குள், ஏறும். குல்ஃபி வண்டிக்காரர் ஐஸ்கட்டியில் உப்பைப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐஸை அவர் சூடாக்குவதில்லை. உப்பு சேர்ந்ததும் அது உருகும் வெப்பநிலையே கீழே இறங்கிவிடுகிறது. மூடகத்துக்குத் தண்ணீர்தான் உப்பு. அது சேர்ந்ததும் பாறை உருகும் வெப்பநிலை பல நூறு டிகிரி குறைகிறது, அதுவரை கெட்டியாக இருந்தது குழம்பாகிறது.

அந்த நீர் தன்னோடு கரைசலையும் தூக்கி வரும். காப்பி டிகாஷன் மாதிரி, கரைவது இறங்கும், கரையாதது சக்கையாக நிற்கும். பேரியம், ஸ்ட்ரான்டியம், ஈயம் போன்றவை எளிதில் வருகின்றன. நியோபியமும் டான்டலமும் தட்டிலேயே தங்கிவிடுகின்றன. அதனால் இப்படிப் பிறந்த எரிமலைப் பாறையை வேதியியல் சோதனை செய்து வரைபடம் போட்டால் நியோபியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். ஆண்டிஸ் மலைப் பாறையிலும் சுமத்ரா பாறையிலும் தெரிவது இதே பள்ளம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நியோபியப் பள்ளத்தை மட்டும் காட்டி 'இங்கே தட்டு அமிழ்ந்தது' என்று தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்பதில்லை. கண்ட மேலோட்டுக்கே அந்தக் கையெழுத்து உண்டு. பழைய மேலோட்டை உருக்கினாலும் அதே பள்ளம் கிடைக்கும். வயதும், கனிமங்களும், அந்தப் பாறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

காணாமல் போன எரிமலை

அந்த டஃப் படிந்தது கடலில். மேலும் கீழும் சேற்றுப்பாறை, கடல் உயிர்களின் தடயங்களோடு. எரிமலைத் தொடருக்கும், தட்டு செருகும் அகழிக்கும் நடுவே இருந்த படுகை அது என்பதே இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் கருத்து. அகழி மேற்கே, எரிமலைகள் கிழக்கே. ஆகவே ஜூரோங்கிலிருந்து கிழக்கே போக வேண்டும்.

கிழக்கே போனால் மலை வரும், ஆனால் எரிமலை வராது. புக்கிட் தீமா நாட்டின் மிக உயரமான இயற்கைக் குன்று. உயரம் 163.63 மீட்டர். அதன் அடிவாரத்தில் பழைய கல்குவாரிகள் இருக்கின்றன. டேரி ஃபார்மில் வெட்டுமுகத்தைத் தொட்டே பார்க்கலாம். அரிசி அளவிலிருந்து மொச்சை அளவு வரை படிகங்கள், ஒன்றோடொன்று கோத்துப் பின்னியவை. ஒரு கண்ணாடிச் சில்லு இல்லை, ஒரு குமிழி இல்லை. இப்படிப் படிகம் வளர வேண்டுமானால் குழம்பு நிலத்துக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில், அவசரப்படாமல் ஆற வேண்டும்.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இதைத்தான். புக்கிட் தீமாவின் கருங்கல்லும் ஜூரோங்கின் சாம்பலும் பாடநூல் பட்டியலில் இரண்டு தனித்தனிப் பாறைகள். ஒன்று ஆழத்துப் பாறை, இன்னொன்று படிவோடு சேர்த்து எண்ணப்படுவது. ஆனால் ஒரே எரிமலைத் தொடரின் வேர் ஒன்று, புகை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இருந்த உடம்பு, அதாவது கூம்பும் வாயும் லாவாவும், கரைந்து போய்விட்டது. அதற்கு அதிசயம் ஒன்றும் தேவையில்லை. 5 கிலோமீட்டர் பாறை அரித்துப்போனது என்று வைத்துக்கொண்டாலும், 20 கோடி ஆண்டுகளுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 0.025 மில்லிமீட்டர். சிங்கப்பூர் மழைக்கு அது வேலையே இல்லை.

வயதை எப்படிச் சரிபார்ப்பது? கருங்கல்லிலும் சாம்பலிலும் சிர்கான் என்ற கனிமம் பொடிப்பொடியாக இருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். ஆகவே இன்று சிர்கானுக்குள் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் பிறந்த தேதி கிடைக்கும். புக்கிட் தீமா, உபின் தீவுக் கருங்கற்களின் பெரும்பகுதி 24 கோடி ஆண்டை ஒட்டிய ட்ரையாசிக் காலத்தது. கோம்பாக்கின் கறுப்புக் கல்லான கேப்ரோ அதைவிட மூத்தது, பெர்மியன். ஜூரோங் சாம்பல்களும் ட்ரையாசிக்கைச் சேர்ந்தவை. பல கோடி ஆண்டுகள் விட்டு விட்டு எரிந்த அடுப்பு இது. பெரிய எண்ணாகத் தோன்றினாலும், சென்னைக்காரர்களுக்கு இது பேரன் வயதுக் கல். பரங்கிமலையின் சார்னொகைட் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

புலாவ் உபின் தீவை நினைக்காமல் இந்தக் கருங்கல்லைப் பற்றி எழுத முடியாது. சாங்கி முனையில் படகேறினால் பத்து நிமிடம்தான். கரையோரக் கல்லில் மழைநீர் செதுக்கிய நீள வரிப்பள்ளங்களைக் காணலாம். கருங்கல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் கறுப்புக் கோடுகளும் தென்படும். கருங்கல் இறுகிய பிறகு அதன் விரிசல் வழியே ஏறிய பிந்திய குழம்பு அது. பெட்ரா பிராங்கா என்ற பாறைத்தீவில் 1851-இல் விளக்கேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் உபின் கல்லால் கட்டியது. சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும் ஜொகூர் பாலத்துக்கும் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கல் போனது. உபினின் கடைசிக் குவாரி 1999-இல் மூடப்பட்டது. இன்று அந்தக் குழிகளில் பச்சைத் தண்ணீர், ஓரத்தில் கொக்கு.

அதே சாங்கி முனையிலிருந்து இன்னொரு படகு பெங்கேராங்குக்குப் போகும். ஜொகூரின் தென்கிழக்கு முனை. அங்கே எரிமலைப் பாறையைத் துளை போடாமலே பார்க்கலாம். சிங்கப்பூரில் தொலைந்துபோன உடம்பின் ஒரு துண்டு நீரிணைக்கு அந்தப் பக்கம் மிஞ்சியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எதிர்த்தரப்பு: ஈப்போ ஏன் வேறு?

இந்த வழக்கில் நியாயமாக எழும் எதிர்வாதம் ஒன்று உண்டு. கண்டத்துண்டுகள் மோதும்போதும் மேலோடு தடித்து, உருகி, கருங்கல் பிறக்கும். புக்கிட் தீமா ஏன் அப்படிப் பிறந்திருக்கக் கூடாது?

பதில் மலேசியாவில் இருக்கிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடரும் கருங்கல்தான். ஆனால் குணம் வேறு. அதன் கருங்கல் வெள்ளீயத்தைச் சுமந்து வந்தது. கிந்தா பள்ளத்தாக்கும், ஈப்போ நகரைச் சுற்றியுள்ள, வெள்ளீயம் தோண்டிய குட்டைகளும், அந்த வேலைக்காகக் கப்பலேறியவர்களின் கதையும் அங்கிருந்து வந்தவை. புக்கிட் தீமா கல்லில் ஹார்ன்பிளெண்ட் என்ற கறுப்புக் கனிமம் உண்டு. நீர் சேர்ந்த, மூடகத் தொடர்புள்ள குழம்பில் அது நன்றாக வளரும். வெள்ளீயச் செல்வமோ இங்கே இல்லை. வயதிலும் வேறுபாடு இருக்கிறது. தித்திவங்சா கருங்கல் பெரும்பாலும் ட்ரையாசிக்கின் பிற்பகுதி. அதாவது சிபுமாசு கிழக்கு மலாயாவோடு மோதியபோதும் அதன் பிறகும். புக்கிட் தீமா அதற்கு முந்தியது.

இரண்டுக்கும் நடுவே, மோதிய நிலங்கள் ஒட்டிக்கொண்ட இடத்தில், ஒரு தையல் ஓடுகிறது. பகாங்கில் பெந்தோங், ராவுப் ஊர்கள் வழியாகத் தெற்கே மலாக்கா பக்கம் இறங்கும் பட்டை. அங்கே சாலை வெட்டுகளில் தெரியும் செர்ட் பாறையில் ரேடியோலேரியா என்ற கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் உண்டு. பெர்மியனைவிடப் பழைய டிவோனியன் காலத்திலிருந்து பெர்மியன் வரை வயதுடையவை. அவை ஆழ்கடலின் அடியில் படிந்தவை. இன்று கெந்திங் மலைக்குப் போகிற வழியிலிருந்து அதிக தூரமில்லை. ஒரு பெருங்கடல் முழுதும் உள்ளே போய், கரையில் ஒட்டிக்கொண்ட சேறு மட்டும் மிஞ்சியது. அந்தத் தையலுக்குக் கிழக்கே இருக்கும் சிங்கப்பூரில் கலங்கரை விளக்கத்துக்குக் கல் கிடைத்தது, வெள்ளீயம் கிடைக்கவில்லை.

இந்த வாதத்துக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லாத ஒரு பகுதி உண்டு: தட்டு அமிழ்வு எந்த இடத்தில் முடிந்து மோதல் எந்த இடத்தில் தொடங்கியது என்பதைக் கத்தியால் கீறியது போல் பிரிக்க முடியாது. ஜூரோங்கின் அடுக்குகள் பல இடங்களில் செங்குத்தாகச் சாய்ந்தும், மடிந்தும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடப்பதற்கு அந்த மோதல்தான் காரணம். என் கோரிலேயே நுரைக்கல் துணுக்குகள் கிடையாக இல்லை, அறுபது டிகிரி சாய்ந்திருந்தன. அதையும் முதல்நாள் நான் எழுதவில்லை.

திட்டத்துக்கு என்ன ஆனது

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பெயர் மாறியது, வலிமைச் சோதனைக்குக் கூடுதலாகச் சில துண்டுகள் போயின, அடித்தூண் வடிவமைப்பில் ஒரு வரி திருத்தப்பட்டது. அந்த ஆழத்தில் டஃப்பும் மணற்கல்லும் பாரம் தாங்குவதில் அதிகம் வேறுபடவில்லை. சுரங்கப்பாதை என்றால் கதை வேறு. சாம்பல் களிமமாகிய பகுதி நீரில் நொறுங்கும், குவார்ட்ஸ் மிகுந்த பகுதி வெட்டுப்பற்களைத் தின்னும். இரண்டும் ஒரே மீட்டருக்குள் மாறி மாறி வந்தால் இயந்திரம் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும் வேதனை.

நாகப்பட்டினத்துக்காரர்

சில மாதம் கழித்து அதே குழுவோடு இன்னொரு தளம், மேற்கிலேயே. மறுபடியும் அந்தப் பச்சைக் கல் வந்தது. இந்தத் தடவை நானே அண்ணனைக் கூப்பிட்டு, "நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதாண்ணே" என்று சொல்லிவிட்டு, கல்லை நனைத்துக் காட்டினேன். கடல், தட்டு, உள்ளே செருகுவது, மேலே எரிமலை எல்லாவற்றையும் மதியச் சாப்பாட்டு டப்பா மூடியின் மேல் இன்னொரு மூடியை வைத்து விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மேலே இருந்த மூடியை விரலால் மெல்ல அழுத்தி, சட்டென்று விட்டார். மூடி துள்ளியது.

"சார், சுனாமி வந்தது இதாலதானே?"

"ஆமாண்ணே. சுமத்ரா பக்கம். இந்தியத் தட்டு இப்பவும் அங்க உள்ள போயிட்டிருக்கு. கீழ்த்தட்டு இழுத்துட்டுப் போன மேல்விளிம்பு அன்னைக்கு டப்புனு விட்டுருச்சு. தோபான்னு அங்க ஒரு ஏரி இருக்கு, அதுவும் எரிமலை வாய்தான். 74,000 வருஷத்துக்கு முன்னாடி அது வெடிச்ச சாம்பல் ஆந்திரா வரைக்கும் கிடக்கு."

"அப்ப இதுவும் அதே சனியன்தான்."

"அதே மாதிரி ஒண்ணு. ரொம்பப் பழசு. இது ஓஞ்சுபோச்சு."

அவர் கோர்த் துண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். ஒரே தடவையில் துளைத்து எடுக்கும் முழுக் கோர் ஒன்றரை மீட்டர், எட்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அவர் கையில் இருந்தது முழ நீளத் துண்டு. 2004-இல் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. துண்டை மேல்-கீழ் மாறாமல் பெட்டியில் பழைய இடத்தில் பொருத்தினார். ஈரத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, மரக்கட்டையையும் மார்க்கரையும் என் பக்கம் நீட்டினார்.

"ஆழத்தை எழுதிக் கொடுங்க சார். இந்தத் தடவை பேரையும் சரியாப் போடுங்க."